இதனால் ஒரு மூட்டை நெல் கூடுமா?

தஞ்சாவூர்ப் பக்கம் எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து முட்டும். கேட்பதில் தப்பே இல்லை. மேட்டூர் ஜூன் 12ல் திறக்குமா என்று வருஷா வருஷம் பேப்பரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு, எது வந்தாலும் "இதில் எனக்கு என்ன?" என்று கேட்க உரிமை உண்டு. ஆனால் கேள்வி கேட்டவர்கள் பதிலைக் கேட்கும் வரைக்கும் நிற்பதில்லை. அதைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

காரணம், எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கும் ஒரு பெண். அப்பா விவசாயி, மூன்று ஏக்கர் சொச்சம், குறுவையும் தாளடியும். பெண் படிப்பில் சூட்டிகை. வெளிமாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்பில் மூன்றாவது வருஷம். நடுவில் சில மாதம் உதவித்தொகை வராமல் நின்றுபோனது. அப்பா என்னைத் தேடி வந்தார். "சார், நீங்க கவர்மெண்டுல இருந்தவரு. அதுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. குரூப் டூ எழுதச் சொல்லுங்க. இலைக்குள்ள லைட்டு அடிச்சுப் பாக்குதாம், இது ஒரு படிப்பா?" ஓய்வு பெற்ற குமாஸ்தாவிடம் இப்படித்தான் புத்திமதி கேட்க வருவார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் வேளாண்மை ஆபீசில் யூரியா இண்டெண்ட் எழுதியவன், நிரந்தர உத்தியோகத்தின் அருமை தெரிந்தவன் என்று அவர் நினைத்தது நியாயம். ஆனால் நான் அவர் விரும்பியபடி சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு இந்தக் கட்டுரை.

முதலில் அந்தப் பெண் செய்வது என்ன என்று பார்ப்போம். லீவில் வந்திருந்தபோது திண்ணையில் உட்கார வைத்துக் கேட்டேன். அரை மணி நேரத்தில், ஒரு கயிற்றையும் ஜன்னல் கம்பியையும் வைத்துக்கொண்டு, எனக்குப் புரியவைத்துவிட்டாள்.

வெளிச்சம் என்பது ஓர் அதிர்வு. கயிற்றின் ஒரு முனையைக் கட்டிவிட்டு மறுமுனையை ஆட்டினால் அலை ஓடுமே, அந்த மாதிரி. மேலும் கீழுமாக ஆட்டலாம், பக்கவாட்டில் ஆட்டலாம், எப்படி வேண்டுமானாலும் ஆட்டலாம். சூரிய வெளிச்சத்தில் எல்லாத் திசை ஆட்டமும் கலந்து வருகிறது. அந்தக் கயிறு ஜன்னலின் நெட்டுக் கம்பிகளுக்கு நடுவே போனால், மேலும் கீழுமான ஆட்டம் மட்டும்தான் அந்தப் பக்கம் போய்ச் சேரும். பக்கவாட்டு ஆட்டம் கம்பியில் அடிபட்டு நின்றுவிடும். இப்படி ஒரே தளத்தில் ஆடும்படி வடிகட்டிய வெளிச்சத்தைப் பாடப்புத்தகத்தில் தளவிளைவு ஒளி என்கிறார்கள். இலங்கைத் தமிழர் முனைவாக்கம் என்று எழுதுவார்கள். எனக்கு இரண்டும் ஒட்டவில்லை. ஒருதள ஒளி என்றே இங்கே எழுதுகிறேன், பண்டிதர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

இது ஏதோ ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும் இருக்கும் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நடவுக்குத் தண்ணீர் கட்டி நிற்கிற வயலில் காலை வெயில் சாய்வாக விழுந்து கண் கூசுகிறதே, அந்தக் கூசல் வெளிச்சம் பெரும்பாலும் ஒருதள ஒளிதான். தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் திரும்பும்போது படுக்கைவாட்டு ஆட்டம் மட்டும் மிஞ்சி வருகிறது. கண் ஆபரேஷன் ஆனவர்களுக்கு 'போலராய்டு' கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்கிறார்களே, அது அந்தப் படுக்கைவாட்டு ஆட்டத்தைத் தடுக்கிறது, கூசல் அடங்கிவிடுகிறது. நம் கண்ணுக்குத் தெரியாத இந்த வித்தியாசம் தட்டானுக்கும் நீர்ப்பூச்சிகளுக்கும் தெரியும். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அவை கண்டுபிடிப்பதே இதை வைத்துத்தான். பளபளவென்று துடைத்து நிறுத்திய காரின் மேல் தட்டான் வாலால் தட்டித் தட்டி முட்டை வைக்கப் பார்க்கும், பார்த்திருப்பீர்கள். கார்க்காரன் பாலிஷ் போட்ட பாவம், அது குளம் என்று நினைத்துவிடுகிறது.

இந்தக் கூசல் சங்கதியை முதலில் கவனித்தவர் எத்தியேன் மாலுஸ் என்ற பிரெஞ்சுக்காரர். 1808ல் பாரீசில், லுக்ஸம்பூர் அரண்மனை ஜன்னல் கண்ணாடியில் பட்டுத் திரும்பிய சாயங்கால வெயிலை ஒரு படிகக் கல் வழியாகப் பார்த்தபோது தெரிந்தது. நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். 1954 நவம்பரில் ஊர் கைமாறிய பிறகும் பிரெஞ்சுப் பள்ளிகள் நடந்துகொண்டுதான் இருந்தன. எங்கள் வாத்தியார் மாலுஸ், அராகோ, பியோ, பஸ்தேர் என்று வரிசையாகச் சொல்லுவார். வெளிச்சத்தை முறுக்கிப் பார்ப்பது ஏதோ அவருடைய குடும்பத் தொழில் மாதிரி ஒரு பெருமை. நாங்கள் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினோம், அவ்வளவுதான்.

அந்தப் பெயர்களில் பியோவை மட்டும் நம் டெல்டாக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருதள ஒளியைச் சர்க்கரைத் தண்ணீர் வழியாகச் செலுத்தினால் அந்தத் தளம் கொஞ்சம் திரும்பிவிடுகிறது என்று 1815ல் பார்த்தவர் அவர். டர்பன்டைன் எண்ணெயிலும் அப்படியே. அன்றைக்கு அவரிடம் போய், "இதனால் ஒரு மூட்டை கூடுமா?" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. இன்றைக்குக் குருங்குளம் அறிஞர் அண்ணா சர்க்கரை ஆலை ஆகட்டும், வேறு எந்த ஆலை ஆகட்டும், கரும்புச் சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்று பார்ப்பது பொலாரிமீட்டரில்தான். சாற்றைத் தெளியவைத்துக் குழாயில் ஊற்றி, ஒருதள ஒளியை உள்ளே விட்டு, எத்தனை பாகை திரும்பியது என்று பார்க்கிறார்கள். ஆலைக்காரர்கள் 'போல்' என்று ஒரு வார்த்தை சொல்லுவார்களே, அது இந்தப் பெயரின் தலைப்பகுதிதான். சர்க்கரைக் கட்டுமானம் இத்தனை சதவீதம் என்று நாம் சண்டை போடுவதெல்லாம் பியோவின் விளையாட்டிலிருந்து வந்த எண்ணை வைத்துத்தான். கரும்பு போட்ட எந்த மிராசுதாரும் பியோவுக்கு ஒரு நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

சரி, இலைக்கு வருவோம்.

இலை பச்சையாக இருப்பதற்குக் காரணமான சாயத்தைத் தனியே எடுத்து 'குளோரோஃபில்' என்று பெயர் வைத்தவர்களும் பிரெஞ்சுக்காரர்கள்தான். பெல்த்தியே, காவந்து என்ற இரண்டு மருந்துக்காரர்கள், 1817ல். இதே இரண்டு பேர்தான் 1820ல் சின்கோனா பட்டையிலிருந்து குவினைனைப் பிரித்தவர்கள். மலேரியாவுக்குக் கொயினா மாத்திரை முழுங்கி முகம் சுளித்த தலைமுறை நம்முடையது. அந்தக் கசப்பும் இந்தப் பச்சையும் ஒரே கடைச் சரக்கு.

பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது, இலைக்குள் பச்சையம் இருக்கிறது, வெயிலைப் பிடிக்கிறது என்பதோடு முடிந்தது. ஏதோ சாயப்பானையில் சாயம் கரைந்திருப்பது போல மனசில் ஒரு படம். அது அப்படி இல்லை. பச்சையம் ஒவ்வொன்றும் ஒரு தட்டையான மூலக்கூறு. அது புரதத்துக்குள் ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட சாய்வில் செருகப்பட்டிருக்கிறது. இந்தப் புரதங்களுக்கு ஒளி அறுவடைப் புரதம் என்று பெயர். இந்தப் பெயரை வைத்தவர் யாரானாலும் வயல் பார்த்தவராக இருக்க வேண்டும். செடிகளில் இருக்கும் முக்கியமான அறுவடைப் புரதத்தில் ஓர் அலகுக்குப் பதினான்கு பச்சையம், எட்டு ஒரு வகை, ஆறு இன்னொரு வகை. கூடவே மஞ்சள் நிறமிகள் நாலு. இப்படி மூன்று அலகு சேர்ந்து ஒரு கூட்டு. உலகத்துச் செடிகளில் இருக்கும் மொத்தப் பச்சையத்தில் ஏறக்குறையப் பாதி இந்த ஒரே புரதத்துக்குள் இருக்கிறது.

எதற்கு இந்தச் சாய்வும் இடமும் முக்கியம்? வெயிலைப் பிடித்த பச்சையம் அந்தச் சக்தியைப் பக்கத்துப் பச்சையத்துக்குக் கை மாற்ற வேண்டும். களத்து மேட்டில் வரிசையாக நின்று கட்டுத் தூக்கிப் போடுவார்களே, அது போல. ஒருவன் முகம் திரும்பி நின்றாலும் கட்டு கீழே விழுந்துவிடும். இலைக்குள் இந்தக் கைமாற்றம் ஒரு விநாடியைக் கோடி கோடியாகப் பிரித்த நேரத்தில் நடக்கிறது, கட்டு விழுவதே அபூர்வம். யார் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார்கள் என்பதுதான் முழு ரகசியம்.

அதைக் கண்ணால் பார்க்க முடியாது. இங்கேதான் ஒருதள ஒளி வருகிறது. பச்சைய மூலக்கூறுக்கு ஒரு திசை உண்டு. அந்தத் திசையில் ஆடும் வெளிச்சத்தை நன்றாக உறிஞ்சும், குறுக்குத் திசையில் ஆடுவதை விட்டுவிடும். ஆகவே இலைக்குள் இருக்கும் சவ்வுகளை எல்லாம் ஒரே வாட்டத்தில் படுக்கவைத்து, நெட்டுவாட்டு ஒளியில் எவ்வளவு உறிஞ்சுகிறது, படுக்கைவாட்டு ஒளியில் எவ்வளவு என்று பார்த்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால், பச்சையம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். 54.7 பாகை என்று ஒரு விசேஷக் கோணம் உண்டு. அதில் நின்றால் கழித்த பிறகு மிச்சம் பூஜ்யம்.

சவ்வுகளை எப்படி ஒரே வாட்டத்தில் படுக்கவைப்பது? அந்தப் பெண் சொன்ன முறை எனக்குப் பிடித்தது. நோன்பு மாதத்தில் காரைக்கால், நாகூர்ப் பக்கம் கடல்பாசி செய்வார்களே, கண்ணாடி போல ஆடிக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி ஒரு கட்டிக்குள் சவ்வுகளைக் கலந்து உறையவைத்து, பக்கவாட்டில் அமுக்குகிறார்கள். கட்டி நீளும்போது உள்ளே இருக்கும் தட்டுகளும் வாட்டத்துக்கு வந்துவிடுகின்றன. இன்னொரு முறை காந்தம். பலமான காந்தப் புலத்தில் வைத்தால் பச்சையத் துணுக்குகள் தானே ஒரு பக்கம் திரும்பி நிற்கும். பாரீசுக்குப் பக்கத்தில் சக்லே அணு ஆராய்ச்சி நிலையத்தில் ஜாக் பிரெத்தோன் என்பவரும் கூட்டாளிகளும் 1970களில் இப்படி அளந்து அளந்துதான், பச்சையத்தின் சிவப்பு ஒளி உறிஞ்சும் திசை பெரும்பாலும் சவ்வின் தளத்தோடு ஒட்டிப் படுத்திருக்கிறது என்று சொன்னார்கள். கட்டு கைமாற வசதியாக எல்லோரும் வரிசையில்தான் நிற்கிறார்கள் என்று அர்த்தம். இந்தப் புரதத்தின் உருவப்படம் அணு அளவுக்குக் கிட்டத்தட்டத் தெரிந்தது 1994ல் ஜெர்மனியிலிருந்து, இன்னும் துல்லியமாக 2004ல் சீனாவிலிருந்து. உருவப்படம் வருவதற்கு இருபது வருஷம் முன்னாலேயே, கதவைத் திறக்காமல் உள்ளே யார் எப்படிப் படுத்திருக்கிறார்கள் என்று சொன்னது இந்த வெளிச்சம்.

இன்னொரு வகையும் உண்டு. ஆட்டம் ஒரே தளத்தில் இல்லாமல் சுழன்றுகொண்டே வரும்படி வெளிச்சத்தைச் செய்யலாம். வலமாகச் சுழலும் ஒளி, இடமாகச் சுழலும் ஒளி. வலம்புரிச் சங்கு, இடம்புரிச் சங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முறுக்கு உள்ள பொருள் இந்த இரண்டையும் ஒரே அளவு உறிஞ்சாது. 1895ல் இதைக் காட்டியவர் பெயர் எமே கொத்தோன். இங்கிலீஷில் எழுதினால் காட்டன் என்று வரும், பருத்தி வியாபாரி என்று நினைத்துவிடக் கூடாது. இலைக்குள் சவ்வுத் தட்டுகள் காசு அடுக்கியது போல அடுக்கி இருக்கின்றன. அந்த அடுக்குகளைச் சுற்றி இன்னொரு சவ்வு படிக்கட்டு மாதிரி வலமாக ஏறுகிறது. ஹங்கேரியில் செகெத் நகரத்தில் கியோசோ காராப் என்பவரின் குழு, இந்த அடுக்கு ஒழுங்காக இருக்கும்போது சுழல் ஒளியில் மிகப் பெரிய அடையாளம் ஒன்று தெரிகிறது, அடுக்கு கலைந்தால் அது மறைந்துவிடுகிறது என்று வருஷக் கணக்கில் காட்டியிருக்கிறது. வெயில், சூடு, உப்பு எதனால் இலை உள்ளுக்குள் குலைகிறது என்பதை வெளியே வாடல் தெரிவதற்கு முன்னாலேயே இதை வைத்துப் பார்க்கலாம். உப்புநீர் ஏறும் வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கத்துக் கடைமடைக்காரர்களுக்கு இது சம்பந்தமில்லாத விஷயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு, நமக்கு எதற்கு என்று ஒரு நண்பர் சொன்னார். அவருக்காக இதை எழுதுகிறேன். 1888ல் திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன், தஞ்சை ஜில்லாவில் நிலம் இருந்த குடும்பத்துப் பிள்ளை, 1921ல் இங்கிலாந்திலிருந்து நார்குண்டா கப்பலில் திரும்பும்போது சட்டைப்பையில் வைத்திருந்தது ஒரு நிக்கல் பட்டகம். ஒருதள ஒளியை வடிகட்டும் கல். கடல் நீலமாக இருப்பது வானத்தின் நிழல் விழுவதால்தான் என்று பெரிய பெரிய மனிதர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர் அந்தக் கல்லைத் திருப்பித் திருப்பிக் கூசலை அணைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் நன்றாகத் தெரிந்தது. நீலம் தண்ணீருக்கே சொந்தம் என்று முடிவு. நான் சொன்ன போலராய்டு கண்ணாடி சமாச்சாரம்தான் இது. அங்கே பிடித்த நூல்தான் 1928ல் ராமன் விளைவில் போய் முடிந்தது. அப்போதும், வந்திருப்பது சாதாரண ஒளிர்வு அல்ல என்று அவருக்கும் கே.எஸ். கிருஷ்ணனுக்கும் உறுதி சொன்ன சாட்சிகளில் ஒன்று, அந்த ஒளி ஒருதளமாக இருந்தது. வத்திராயிருப்பில் பிறந்த அதே கிருஷ்ணன்தான் பின்னால் படிகங்கள் காந்தப் புலத்தில் எந்தத் திசைக்கு எப்படி நடந்துகொள்கின்றன என்று அளந்தவர். பச்சையத் துணுக்குகள் காந்தத்தில் திரும்பி நிற்பதும் அந்த இனத்தைச் சேர்ந்த குணம்தான்.

ராமனின் சகோதரி பிள்ளை பஞ்சரத்தினம். 1956ல், இருபத்திரண்டு வயசில், பெங்களூரில் உட்கார்ந்து ஒருதள ஒளி, சுழல் ஒளி இவற்றின் கணக்கில் ஒரு நுட்பத்தைக் கண்டு எழுதினார். யாரும் கவனிக்கவில்லை. 1969ல் ஆக்ஸ்போர்டில் முப்பத்தைந்து வயசில் போய்விட்டார். 1980களில் மைக்கேல் பெர்ரி என்ற இங்கிலீஷ் விஞ்ஞானி வேறு வழியாக அதே இடத்துக்கு வந்து, அந்த வாலிபர் முப்பது வருஷம் முன்னாலேயே எழுதிவைத்திருக்கிறார் என்று உலகத்துக்குச் சொன்னார். இப்போது பஞ்சரத்தினக் கட்டம் என்று அவர் பெயர் நிற்கிறது. அவர் வீட்டில் யாராவது குரூப் டூ எழுதச் சொன்னார்களோ என்னவோ.

இலைப் பக்கமும் நமக்கு ஆள் உண்டு. மதுரைப் பல்கலைக்கழகத்தில் ஏ. ஞானமும் குழந்தைவேலுவும் 1969ல் இலையிலிருந்து உயிரணுக்களைத் தனித்தனியே பிரித்து, அவை தனியாகவும் ஒளிச்சேர்க்கை செய்வதைக் காட்டி எழுதினார்கள். ஞானம் பின்னால் திருச்சி பாரதிதாசன், சென்னை, புதுவை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களுக்குத் துணைவேந்தர் ஆனார். துணைவேந்தர் ஆனதைப் பேப்பர் போட்டது. இலையில் என்ன செய்தார் என்று நம் ஊர்ப் பேப்பரில் படித்த ஞாபகம் எனக்கு இல்லை.

இப்போது மூட்டைக்கு வருகிறேன். அந்தப் பெண்ணின் அப்பா என்னிடம் கேட்டதற்கு நான் அவரிடம் திருப்பிக் கேட்டது: "உங்க வயல்ல பயிர் கரும்பச்சையா இருந்தா சந்தோஷப்படுறீங்களே, ஏன்?" அவர், "பச்சை புடிச்சாத்தானே சார் வெளைச்சல்" என்றார். அறுபது வருஷமாக நாம் சொல்லிக்கொடுத்த பாடம் அது. 1960ல் தஞ்சாவூரில் தீவிர வேளாண்மைத் திட்டம் வந்தது, ஆடுதுறை 27 வந்தது, யூரியா வந்தது. போட்டால் மூன்றாம் நாள் பச்சை ஏறும்; கண்ணுக்குத் தெரியும் மருந்து அது ஒன்றுதான். பாஸ்பேட் போட்டால் கண்ணுக்குத் தெரியாது. நான் எழுதிய இண்டெண்டுகளில் மூட்டை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனதே தவிர இறங்கியது இல்லை. இன்றைக்கும் 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. பக்கத்து வயல்காரன் பயிர் தன்னுடையதைவிடக் கரும்பச்சையாகத் தெரிந்தால் இன்னும் ஒரு மூட்டை.

அந்தப் பச்சை எங்கே போகிறது என்று இந்தப் பெண் படிக்கிற படிப்புதான் சொல்கிறது. ஒரு பச்சைய மூலக்கூறில் நைட்ரஜன் அணு நாலு. பதினான்கு பச்சையத்துக்கு 56. ஆனால் அவற்றைத் தாங்கும் புரதத்தில் இருநூற்றுச் சொச்சம் அமினோ அமிலம், ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு நைட்ரஜன். அதாவது பாத்திரத்தைவிடப் பரணுக்குத்தான் செலவு அதிகம். பயிர் தழைச்சத்தை வாங்கி வாங்கிப் பரண் கட்டுகிறது. மேல் இலை கரும்பச்சையாகி, உச்சி வெயிலில் தனக்கு வேண்டியதைவிட அதிகமாகப் பிடித்து, மிச்சத்தைச் சூடாக வெளியே விட்டுவிடுகிறது. கீழ் இலை இருட்டில் கிடக்கிறது. இளசாகக் கொழுத்த பயிருக்குப் புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் வரும், ஐப்பசி கார்த்திகை மழையில் சாயும். பச்சையம் குறைந்த நெல் வகைகள் வெயிலைக் கீழ் இலை வரைக்கும் விட்டு நன்றாகவே விளையுமா என்று வெளிநாடுகளில் இப்போது பரிசோதிக்கிறார்கள் என்றால் நம் ஆட்கள் சிரிப்பார்கள்.

வெயில் கூடினால் சூடாக வெளியே விடுகிறது என்றேனே, அது ஒரு தாழ்ப்பாள் மாதிரி. வெயில் ஏறினால் அறுவடைப் புரதங்கள் கொஞ்சம் நிலை மாறி, பிடிப்பதை விட்டுத் தள்ளும் வேலைக்கு வருகின்றன. மேகம் வந்து நிழல் தட்டினால் திரும்பவும் பிடிக்கும் நிலைக்கு வர வேண்டும். ஆனால் தாழ்ப்பாள் மெதுவாகத்தான் திறக்கிறது, நிமிஷக் கணக்கில். அந்த நிமிஷங்களில் கிடைத்த வெயிலும் வீண். மேகமும் வெயிலும் மாறி மாறி வரும் சம்பா, தாளடிப் பருவத்தில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இது நடக்கும்? 2016ல் அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் புகையிலையில் இந்தத் தாழ்ப்பாளைச் சீக்கிரம் திறக்கும்படி செய்து, வயலில் செடியின் எடை சுமார் 15 சதவீதம் கூடியதைக் காட்டினார்கள். சோயாவில் செய்து 2022ல் வெளியிட்டபோது ஒரு பருவத்தில் மகசூல் நன்றாகக் கூடியது. அடுத்த பருவத்தில் பயிர் சாய்ந்துபோய்த் தெளிவான லாபம் தெரியவில்லை. மரபணு மாற்றிய பயிர் வேண்டுமா வேண்டாமா என்பது தனி வழக்கு, அதில் எனக்கும் சந்தேகங்கள் உண்டு. நான் சொல்ல வருவது, தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கதவைப் பற்றிச் சண்டை போடக் கூடாது என்பது. அந்தத் தாழ்ப்பாள் அசைவதைப் பார்க்கும் கருவிகளில் ஒன்று இந்தச் சுழல் ஒளி.

இதே பத்திரிகைக்காரர்கள் சில சமயம் நேர் எதிராக, "இனி பசியே இல்லை, செயற்கை இலை வந்துவிட்டது" என்று தலைப்புப் போடுவார்கள். அதுவும் எனக்குப் பிடிப்பதில்லை. மூட்டை கூடாது என்று துரத்துவதும், நாளைக்கே நூறு மூட்டை என்று கூவுவதும் ஒரே அவசரத்தின் இரண்டு முகம். நான் அந்த அப்பாவிடம், "உங்க பொண்ணு படிப்பால உங்க வயல்ல அடுத்த பூவுக்கு ஒரு மரக்கால் கூடக் கூடாது" என்று நேராகவே சொன்னேன். பொய் சொல்லி அவளைக் காப்பாற்ற வேண்டியதில்லை.

ஆனால் இந்தப் பூவுக்கே உபயோகப்படுகிற ஒன்று, இதே அறிவின் ஏழைத் தம்பி, நம்மிடம் இருக்கிறது. இலை வண்ண அட்டை. பிளாஸ்டிக் துண்டு, அதில் இளம்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை கோடுகள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறை சுலபம்: நட்ட பதினாலாம் நாளிலிருந்து பூக்கும் வரை வாரம் ஒரு தடவை, காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவே, மேலிருந்து மூன்றாவது விரிந்த இலையை அட்டையோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். பத்து இடத்தில் பார்த்து, ஆறு இடத்தில் குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே பச்சை இருந்தால் மட்டும் யூரியா. வெள்ளைப் பொன்னிக்கு அந்த எண் 3, மற்ற ரகங்களுக்கு 4. ரகத்துக்கு ரகம் எண் மாறுவதைக் கவனியுங்கள். வெள்ளைப் பொன்னி இயல்பாகவே வெளிர்ப்பச்சை. அதைப் பிடித்துக் கரும்பச்சை ஆக்குவது சிவப்பாக இருக்கிற மாட்டைக் கறுப்பாக்கப் பார்க்கிற மாதிரி. இந்த அட்டை எத்தனை வீட்டில் இருக்கிறது? அட்டையைக் கொடுத்துவிட்டு ஏன் என்று சொல்லாமல் விட்டால், அது பரணில்தான் இருக்கும். இலைக்குள் என்ன நடக்கிறது என்று திண்ணையில் உட்கார்ந்து தமிழில் சொல்ல ஓர் ஆள் இருந்தால், அது கையில் இருக்கும். அந்த ஆள் டெபுடி தாசில்தார் ஆகி ஜாதிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பதற்கு வேறு ஆயிரம் பேர் கிடைப்பார்கள். நானே அந்த வரிசையில் நின்று வந்தவன், உத்தியோகத்தைக் கேவலமாகச் சொல்லவில்லை.

நம் ஆராய்ச்சிக்காரர்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. மேல்நாட்டு சஞ்சிகையில் எழுதினால் போதும் என்று இருக்கிறார்கள். எங்கள் வாத்தியார் மாலுஸையும் பியோவையும் எங்கள் தலையில் ஏற்றியதற்குக் காரணம், பிரெஞ்சுக்காரன் தன் விஞ்ஞானத்தைத் தன் பாஷையில் சின்னப் பிள்ளைக்கும் எழுதிவைத்திருந்தான். ராமனும் பஞ்சரத்தினமும் கிருஷ்ணனும் எந்தத் தமிழ்ப் பாடப்புத்தகத்தில், இன்னதைச் செய்தார்கள் என்று விளங்கும்படி இருக்கிறார்கள்? பிறந்த தேதி இருக்கும், நோபல் பரிசு இருக்கும், தபால் தலை இருக்கும். அந்த நிக்கல் பட்டகத்தைத் திருப்பியது இருக்காது.

உதவித்தொகை வந்துவிட்டது, அவள் போயும் விட்டாள். அப்பாவுக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. என்னைப் பார்த்தால், "நீங்களே கெடுத்துட்டீங்க சார்" என்கிறார், சிரித்துக்கொண்டுதான். ஆனால் போன வாரம் அவர் வயலில் அட்டையோடு குனிந்து நின்றதைப் பார்த்தேன்; மகள் வாங்கி அனுப்பியிருக்கிறாள். எண் என்ன வந்தது என்று கேட்டதற்கு, "மூணுக்கும் நாலுக்கும் நடுவுல நிக்குது, ஒரு வாரம் பாக்கணும்" என்றார்.

ஒரு விண்ணப்பம். சர்க்கரை ஆலைகளில் வேலை பார்க்கிற, பார்த்து ஓய்வு பெற்ற நண்பர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். அரவை நடக்கும் மாதங்களில் ஒரு சனிக்கிழமை, பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பேரை ஆய்வுக்கூடத்துக்குள் விட்டு, பொலாரிமீட்டரில் கண்ணை வைத்துப் பார்க்கச் சொல்ல முடியுமா? இப்போது எண்ணைத் தானே காட்டும் இயந்திரம் வந்துவிட்டது என்றால், பழைய குழாய்க் கருவி எங்காவது அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும், அதைத் துடைத்து எடுங்கள். கரும்புச் சாறு நம் ஊர்ச் சாறாக இருக்கட்டும்.